பழியை ஆறவைத்துப் பரிமாறிய ஊர் எது தெரியுமா?

‘ஆறின கஞ்சி பழங்கஞ்சி’ என்பது நம்மூர்ப் பழமொழி. எதையும் சூட்டோடு சூடாக முடித்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் ருசி போச்சு! ஆனால் பழிவாங்கும் விஷயத்தில் ஆங்கிலம் பேசுகிறவர்கள் இதைத் தலைகீழாகப் புரட்டி வைத்திருக்கிறார்கள், தெரியுமா? பழி என்பது நன்றாக ஆறவைத்துப் பரிமாற வேண்டிய பதார்த்தம் என்பது அவர்கள் மரபுத்தொடர். கோபமெல்லாம் தணிந்து, எதிராளி நடந்ததையே மறந்து நிம்மதியாகக் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும்போது, இலை போட்டு, தண்ணீர் தெளித்து, மெதுவாகப் பரிமாற வேண்டுமாம்!

அதைவிட வேடிக்கை, இது ஆங்கிலேயர் வீட்டுச் சமையலே இல்லை. 1841-ல் யூஜேன் சூ என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் ‘மத்தில்த்’ நாவலில் இந்தக் கருத்து வந்துவிட்டது. அங்கிருந்து கடல் தாண்டி, 1969-ல் ‘காட்ஃபாதர்’ நாவலுக்குள் புகுந்து, 1982-ல் வந்த ஸ்டார் டிரெக் படத்தில் வேற்றுக்கிரகத்துக்கே போய்விட்டது. அந்தப் படத்து வில்லன் இதை க்ளிங்கான் இனத்தாரின் பழமொழி என்று அடித்துச் சொல்கிறான்!

கஞ்சிக்கும் காஞ்சிக்கும் நடுவே ஒரு துணைக்கால்தான் வித்தியாசம். அந்தக் காஞ்சியில் ஒரு பழியை ஏறக்குறைய நூறு வருஷம் ஆறவைத்துப் பரிமாறியிருக்கிறார்கள். இலையில் கடைசியில் விழுந்தது என்ன தெரியுமா? சொல்கிறேன். அதற்கு முன் சொல் சமாச்சாரம் கொஞ்சம் இருக்கிறது.

காந்தி ரோட்டுக் கடைகளில் புடவை வாங்குகிறோம். கோயில் வாசலில் பூ வாங்குகிறோம். பழியையும் ‘வாங்க’த்தான் செய்கிறோம்! தமிழ் புதிதாகப் படிக்கும் வெளிநாட்டுக்காரர் யாரையாவது கேட்டுப் பாருங்கள், இந்த இடத்தில் விழிபிதுங்கி நிற்பார். பழி என்றால் நிந்தை, குற்றம், பாவம். ஒருவர் மேல் போடுவதும் பழி, ஒருவர் சுமப்பதும் பழி, ஒருவரிடம் வாங்குவதும் பழி. ஒரே சொல் மூன்று பேர் கையில் மாறுகிறது. ஆங்கிலேயர் ‘ஸ்கோரைத் தீர்க்கிறேன்’ என்பார்கள். ஸ்கோர் என்பது அந்தக் காலத்தில் கடனைக் குறிக்கக் குச்சியில் வெட்டிய கோடு. நாமும் ‘அவன் கணக்கைத் தீர்க்கிறேன்’ என்கிறோம். அதோடு விடுகிறோமா? ‘வட்டியும் முதலுமாகத் திருப்பித் தருகிறேன்’ என்று வட்டியையும் சேர்க்கிறோம்! அவர்களுடைய ‘டிட் ஃபார் டாட்’ ஒரு காலத்தில் ‘டிப் ஃபார் டாப்’, அதாவது தட்டுக்குத் தட்டு. நம்மிடம் ஏட்டிக்குப் போட்டி. எதுகையில் நாம் ஒரு மாற்றுக் குறைந்தவர்கள் இல்லை.

‘கறுவிக்கொண்டே இருந்தான்’ என்கிறோமே, அந்தக் கறுவலின் நிறம் என்ன தெரியுமா? கறுப்பு, சிவப்பு என்ற இரண்டு சொல்லுக்கும் சினம் என்ற பொருள் உண்டு என்று தொல்காப்பியத்தின் உரியியல் சொல்கிறது. நிறம் கண்ணுக்கு, சினம் மனசுக்கு! பட்டுக்குச் சாயம் ஏற்றுகிற ஊரில் இதைப் படிக்கும்போது எனக்கு அடுப்பில் கொதிக்கும் சாயத்தொட்டிதான் ஞாபகம் வந்தது.

இன்னொன்று. காஞ்சி என்பது ஊர்ப் பெயர் மட்டும் இல்லை, புறத்திணை ஒன்றின் பெயரும்கூட. அதற்குள் ஒரு துறைக்கு என்ன பெயர் தெரியுமா? வஞ்சினக்காஞ்சி! ‘இன்னதைச் செய்து முடிக்காவிட்டால் எனக்கு இன்ன கேடு வரட்டும்’ என்று அரசன் சபதம் செய்வது. புறநானூற்றில் 71, 72, 73 மூன்றும் அந்தத் துறைப் பாட்டுகள், மூன்றையும் பாடியவர்கள் அரசர்களே. இதில் பாண்டியன் நெடுஞ்செழியன் தனக்குத்தானே விதித்துக்கொண்ட தண்டனையைக் கேளுங்கள்: பகைவரை வெல்லாவிட்டால் மாங்குடி மருதன் முதலான புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் போகட்டும்! தலை போகட்டும், முடி போகட்டும் என்று சொல்லவில்லை ஐயா, புலவன் பாடாமல் போகட்டும் என்கிறான். எழுதிப் பிழைக்கிற எங்களுக்கெல்லாம் இதைப் படித்தால் ஒரு நாளைக்குச் சோறே வேண்டாம்.

சரி, ஊருக்குள் வருவோம்.

காஞ்சியில் ஒரு குதிரை வீரனோடு நடந்த சண்டையில் ஒரு ராஜ்யமே பிறந்தது, தெரியுமா? நாலாம் நூற்றாண்டு. இன்றைய கர்நாடகத்துத் தாளகுண்டாவிலிருந்து மயூரசர்மன் என்ற பிராமண இளைஞன் வேதம் படிக்கக் காஞ்சிக் கடிகைக்கு வந்தான். கடிகை என்பது அந்தக் காலத்து உயர்கல்விக் கூடம். இங்கே பல்லவக் குதிரை வீரன் ஒருவனோடு தகராறு. அவமானப்பட்டான். தர்ப்பையும் சமித்தும் நெய்க்கரண்டியும் பிடித்துப் பழகிய கை வாளை உருவியது என்கிறது தாளகுண்டாத் தூண் கல்வெட்டு. ஸ்ரீபர்வதக் காடுகளில் பதுங்கி, பல்லவ எல்லைக் காவலர்களைக் கலங்கடித்து, கடைசியில் பல்லவர்களே ‘சரியப்பா, இந்தா உனக்கு ஒரு நாடு’ என்று சமாதானத்துக்கு வரும்படி செய்துவிட்டான். அதுதான் கதம்ப வம்சம். சர்மன் வர்மன் ஆனான், மயூரவர்மன்! படிப்பைப் பாதியில் விட்டவர்கள் பட்டியலில் இவனை யாரும் சேர்ப்பதில்லை.

இனி பெரிய கணக்கு.

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூர் என்று ஒரு கிராமம். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாதாபிச் சாளுக்கியன் இரண்டாம் புலிகேசி படையெடுத்து வந்தான். யார் ஜெயித்தார்கள் தெரியுமா? இரண்டு பேரும்! சாளுக்கியரின் ஐஹொளெக் கல்வெட்டு, 634-35-ல் ரவிகீர்த்தி எழுதியது, பல்லவனைக் காஞ்சி மதிலுக்குப் பின்னால் ஒளிய வைத்தோம் என்கிறது. பல்லவரின் காசாக்குடிச் செப்பேடோ மகேந்திரவர்மன் புள்ளலூரில் எதிரிகளை நொறுக்கினான் என்கிறது. இரண்டு தரப்பும் வெற்றிவிழாக் கொண்டாடுவது அன்றே இருந்திருக்கிறது. ஆனால் மகேந்திரன் பாடு கஷ்டம்தான் என்பது அடுத்து நடந்ததைப் பார்த்தால் தெரிகிறது. இவன் யார் தெரியுமா? காஞ்சித் தெருக்களில் குடித்துவிட்டு, கையிலிருந்த கபாலத்தைத் தொலைத்துவிட்டு, வழியில் வந்த பௌத்தத் துறவியைத் திருடன் என்று பிடித்துக்கொள்ளும் ஒரு காபாலிகனை வைத்து ‘மத்தவிலாசம்’ என்ற நகைச்சுவை நாடகம் எழுதினவன்! அப்பா சிரித்துக்கொண்டு போய்விட்டார். மகன் நரசிம்மவர்மன் சிரிக்கவில்லை.

மகன் காலத்தில் புலிகேசி மறுபடி வந்தான். பரியளம், மணிமங்கலம், சூரமாரம் என்று வரிசையாக அடி. மணிமங்கலம் இன்றும் தாம்பரம் பக்கம் இருக்கிறது. இந்தச் சண்டையைக் காஞ்சிக்குப் பக்கத்துக் கூரம் கிராமத்துச் செப்பேடு எப்படி எழுதியிருக்கிறது தெரியுமா? ஓடுகிற புலிகேசியின் முதுகு செப்பேடு மாதிரித் தெரிய, அதில் நரசிம்மன் ‘விஜய’ என்ற எழுத்துகளை எழுதினானாம்! செப்பேட்டில் எழுதியவன் முதுகைச் செப்பேடு என்கிறான். இந்த வரியை எழுதிய கை, எழுதி முடித்ததும் ஒரு நிமிஷம் நிறுத்தித் தன்னைத்தானே மெச்சிக்கொண்டிருக்கும்.

அதோடு விட்டானா? சாலைவழி 600 கிலோமீட்டருக்கு மேல் போய் 642-ல் வாதாபியையே பிடித்தான். வாதாபிகொண்டான் என்று பட்டம். அவனுடைய பதின்மூன்றாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு பாதாமிப் பாறையில் சிதைந்தபடி இன்றும் நிற்கிறது. இந்த நெருப்பிலிருந்துதான் கல்கி 1944 முதல் 1946 வரை ‘சிவகாமியின் சபதம்’ என்ற தொடர்கதையை ஏற்றிவைத்தார். சிவகாமி கற்பனை, வாதாபி நிஜம். நரசிம்மன் படையோடு போன தளபதி பரஞ்சோதி பிறகு வாளைக் கீழே போட்டுவிட்டுச் சிறுத்தொண்ட நாயனார் ஆகிறார், பெரியபுராணத்துக்குள் போய்விடுகிறார். அவர் அங்கிருந்து திருச்செங்காட்டங்குடிக்குக் கொண்டுவந்தவர்தான் வாதாபி கணபதி என்பது வழிவழிக் கதை. அந்தக் கணபதி மேல் முத்துசுவாமி தீட்சிதர் ஹம்சத்வனியில் கீர்த்தனை செய்தார். மார்கழிக் கச்சேரியில் பாடகர் அதை எடுத்ததும் நாம் தொடையில் தாளம் போடுகிறோமே, கதையை நம்பினால் அது ஒரு பழிவாங்கலின் பரிசுப்பொருள்!

இப்போது முறை சாளுக்கியர்களுக்கு. புலிகேசியின் மகன் முதலாம் விக்கிரமாதித்தன் ராஜமல்லன் என்று பட்டம் சூட்டிக்கொண்டான். மாமல்லன், அதாவது நரசிம்மன், பரம்பரையை ஒழித்தவனாம்! 674-ல் உறையூரில் பாசறை போட்டு உட்கார்ந்து செப்பேடு கொடுக்கிறான். பல்லவன் பரமேசுவரவர்மன் பெருவளநல்லூரில் திருப்பி அடித்தான். பல லட்சம் படையோடு வந்த விக்கிரமாதித்தன் ஒரே ஒரு கந்தையைச் சுற்றிக்கொண்டு ஓடினான் என்று அதே கூரம் செப்பேடு எழுதுகிறது. பட்டு ஊர்க்காரர்கள் எதிரியை எதைக் கட்டிக்கொண்டு ஓடவிட்டார்கள் பாருங்கள்!

இப்படியே போனால் முடிவே இல்லை. தாத்தா, மகன், பேரன், கொள்ளுப்பேரன் என்று தறியில் பாவு மாற்றுவதுபோல் பகையை மாற்றி மாற்றி ஏற்றுகிறார்கள்.

பிறகு வந்தான் இரண்டாம் விக்கிரமாதித்தன்.

733-ல் பட்டம் ஏறியவன். வாதாபி விழுந்து ஏறக்குறைய நூறு வருஷம். பழி நன்றாக, சில்லென்று ஆறியிருந்தது. பல்லவன் நந்திவர்மன் தோற்று ஓடினான். சமுத்திரகோஷம் என்ற பெயருள்ள வாத்தியம், யானைகள், மாணிக்கக் குவியல் எல்லாம் சாளுக்கியன் கையில். ஊர் திறந்து கிடக்கிறது. எதிரே பல்லவன் ராஜசிம்மன் கட்டிய கைலாசநாதர் கோயில், புத்தம் புதுசு, சுற்றிலும் 58 சிறு சந்நிதிகள், பெட்டி பெட்டியாகப் பொன். வாதாபிக்கு நடந்தது இங்கே நடக்க வேண்டிய நாள் அது.

நடக்கவில்லை! உள்ளே போனான், பார்த்தான், கோயில் சொத்தை எடுக்காமல் அப்படியே கோயிலுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டான்!

நான் அடித்துவிடவில்லை. அவனே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். கைலாசநாதர் கோயில் மண்டபத்துத் தூண் ஒன்றின் பின்பக்கம், கன்னடத்தில். சுற்றிலும் பல்லவர்களின் கிரந்த எழுத்தில் ராஜசிம்மனின் பட்டங்கள், நடுவே எதிரியின் மொழியில் எதிரியின் தர்மம். கோர்வைப் புடவையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம், இரண்டையும் இழை பிரியாமல் கோர்ப்பார்களே, அதுமாதிரி! கல்வெட்டின் கடைசியில் ஒரு சாபமும் உண்டு: இந்த எழுத்தையும் தர்மத்தையும் அழிக்கிறவர்கள் இந்த ஊர்க் கடிகையாரைக் கொன்றவர்கள் போகும் உலகத்துக்குப் போவார்கள். கடிகை, ஞாபகம் இருக்கிறதா? மயூரசர்மன் சண்டை போட்டுக்கொண்டு வெளியேறிய அதே கடிகை! நூற்றாண்டுகள் கழித்து வந்த எதிரி ராஜா அதன் மேல் சத்தியம் வைக்கிறான்.

வழிகாட்டிகள் இந்தத் தூணுக்கு நம்மைக் கூட்டிப்போவதில்லை. நானே இரண்டு முறை போய், மூன்றாம் முறைதான் பார்த்தேன். பின்பக்கம் என்பதால் எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு புகைப்படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

இன்னும் முடியவில்லை. அவன் ராணி லோகமகாதேவி, கணவன் காஞ்சியை மூன்று முறை வென்றதன் நினைவாகப் பட்டதகல்லில் ஒரு கோயில் எழுப்பினாள். இன்று விரூபாட்சர் கோயில் என்கிறோம். கட்டிய சிற்பி குண்டன், அவனுக்குத் திரிபுவனாசாரி என்று பட்டம். கோயில் எந்தச் சாயலில் இருக்கிறது தெரியுமா? காஞ்சி கைலாசநாதர் சாயலில்! வென்றவன் தோற்றவனைக் காப்பியடித்திருக்கிறான். அதைப் பார்த்துத்தான் ராஷ்டிரகூடர்கள் எல்லோராவில் மலையையே குடைந்து கைலாசத்தை எடுத்தார்கள் என்பது கலை வரலாற்றுக்காரர்களின் கணிப்பு. பட்டதகல் 1987 முதல் யுனெஸ்கோ பட்டியலில். ஆறிய பதார்த்தம் எங்கெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கிறது பாருங்கள்!

வாளே இல்லாமல் பழிவாங்கும் வழியும் காஞ்சிக்குத் தெரியும். அதற்குத் தமிழில் ‘அறம் வைத்துப் பாடுதல்’ என்று பெயர். பாட்டுக்குள் நச்செழுத்து வைத்துப் பாடினால் கேட்டவன் சாவானாம். ஒன்பதாம் நூற்றாண்டில் தெள்ளாற்றில் பகைவரை வென்ற மூன்றாம் நந்திவர்மன் மேல் பாடியது நந்திக் கலம்பகம். ராஜ்யத்துக்கு ஆசைப்பட்ட தம்பி ஒருவன் அறம் வைத்துப் பாடினான், நந்தி தமிழ் மோகத்தில் தெரிந்தே கேட்டான், ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பந்தல் எரிந்தது, கடைசிப் பாட்டில் அவனும் எரிந்தான் என்பது கதை. வரலாறு இதை ஒப்புக்கொள்ளாது. ஆனால் கவிதை கேட்டுச் சாகத் தயாராயிருந்த ராஜா என்ற கற்பனை வேறு எந்த ஊருக்கு வரும்?

இப்போது புள்ளலூருக்குத் திரும்ப வேண்டும். ஏனென்றால் வரலாறும் திரும்பியது! 1780 செப்டம்பர் 10. அதே புள்ளலூர். ஆங்கிலேயர் வாயில் பொல்லிலூர். ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையைச் சுற்றி வளைத்தார்கள். ராக்கெட்டுகள் பறந்தன, வெடிமருந்து வண்டி வெடித்தது, பெய்லி பிடிபட்டு ஸ்ரீரங்கப்பட்டணம் சிறைக்குப் போய் அங்கேயே 1782-ல் இறந்தார். உதவிக்கு வர வேண்டிய ஹெக்டர் மன்றோ எங்கே இருந்தார் தெரியுமா? சில மைல் தூரத்தில், காஞ்சிபுரத்தில்! சேதி கேட்டதும் என்ன செய்தார் தெரியுமா? கனத்த பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைப் பட்டணத்தைப் பார்க்க நடையைக் கட்டினார்! அடுத்த வருஷமே, 1781 ஆகஸ்ட் 27-ல், அயர் கூட் அதே இடத்துக்கு வந்து ஹைதரோடு மோதினார். அந்தச் சண்டையில் மடிந்த ஆங்கில அதிகாரிகள் இருவருக்குப் புள்ளலூரில் இரண்டு கூம்புத் தூண்கள் நிற்கின்றன. புலிகேசியின் மண்ணில் வெள்ளைக்காரர் தூண்!

திப்பு சும்மா இருந்தானா? தரியா தௌலத் அரண்மனைச் சுவர் முழுக்க அந்தப் போரைத் தீட்டி வைத்தான். பல்லக்கில் உட்கார்ந்து பெய்லி விரலைக் கடிப்பதுவரை! கிட்டத்தட்ட ஆளுயரத்தில் அவனிடம் ஒரு மரப்பொம்மையும் இருந்தது. வெள்ளைக்காரன் ஒருவனைப் புலி கீழே தள்ளிக் கடிக்கிறது. கைப்பிடியைச் சுற்றினால் புலி உறுமும், ஆள் முனகுவான். 1792-ல் வங்காளத்துச் சாகர் தீவில் புலி அடித்துச் செத்த இளைஞனைப் பார்த்துச் செய்தது இது என்று கருதுகிறவர்கள் உண்டு. அந்த இளைஞன் யார் மகன் தெரியுமா? குளத்தில் பீரங்கி தள்ளிய அதே ஹெக்டர் மன்றோ மகன்! பொம்மை இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தைச் சூறையாடியபோது எடுத்துப்போனது. யார் யாரைப் பழிவாங்கியது என்று கணக்குப் போட்டால் தலை சுற்றும்.

மனிதர்கள் கிடக்கட்டும். காஞ்சியில் தெய்வங்களுக்கும் கோபம் வரும், தெரியுமா? தன்னை விட்டுவிட்டு பிரம்மா யாகம் செய்தார் என்று சரஸ்வதி கறுவிக்கொண்டு வெள்ளமாகப் பாய்ந்தாளாம், அதுதான் வேகவதி ஆறு. பெருமாள் குறுக்கே படுத்து அணைபோட்ட இடம் திருவெஃகா. அதே பெருமாள்தான் பிறகு இன்னொரு காரியமும் செய்தார். பல்லவ ராஜா திருமழிசை ஆழ்வாரின் சீடர் கணிகண்ணனை ஊரைவிட்டுத் துரத்தினான். சீடன் கிளம்பினார். குரு கிளம்பினார். போகிற போக்கில் குரு பெருமாளைப் பார்த்து, நீயும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு வா என்றார். பெருமாளும் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்! ஊர் இருண்டது. மூன்று பேரும் ஒரு ராத்திரி தங்கிய இடம் ஓரிரவிருக்கை, இன்றைய ஓரிக்கை. டவுன் பஸ்ஸில் போகலாம். ராஜா ஓடிவந்து காலில் விழுந்த பிறகுதான் திரும்பினார்கள். சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்று அன்றிலிருந்து பெயர்.

திருவெஃகாவில் பெருமாள் சயனம் மற்றக் கோயில்களுக்கு மாறாக இருக்கும். தலை ஒரு பக்கம், கால் எதிர்ப்பக்கம் என்று இடம் மாறியிருக்கும். ஏன் என்று வாசலில் துளசி விற்கும் அம்மாவிடம் கேட்டேன். நாரைப் பல்லில் கடித்தபடி சொன்னார்: “கோவிச்சுக்கிட்டுப் போனவருதானே, திரும்பி வந்து பாயை விரிச்சப்போ மாத்திப் படுத்துட்டாருப்பா. பத்து ரூபா எடு.”